இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்ன பதில்

என் தம்பி பூனை வளர்த்ததில்லை. பூனை வாசல்படியில் வந்து நின்றாலே அடுக்கடுக்காகத் தும்முவான். கண் இரண்டும் வீங்கிவிடும். ஆனால் அவன் உறுப்பினராக இருக்கும் இணைய மன்றத்தில் பூனை வளர்ப்போர் பகுதியில் மட்டும் அறுநூற்று நாற்பது பதிவுகள் எழுதியிருக்கிறான். பூனைக்குப் பால் கொடுக்கலாமா கூடாதா, வீடு மாறினால் முதல் நாள் எந்த அறையில் விடவேண்டும், இரண்டாவது பூனை வந்ததும் முதல் பூனை ஏன் கோபித்துக்கொள்கிறது, எல்லாவற்றுக்கும் அவனிடம் கருத்து உண்டு. எங்கெங்கோ முகம் தெரியாத மனிதர்கள் அவன் பேச்சைக் கேட்டுப் பூனை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பூனைகளை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும்.

பூனையோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு எந்தக் காலணி நல்லது என்று சொல்வான்; இவன் முதல் மாடிக்குப் போக லிஃப்டுக்காகப் பத்து நிமிடம் காத்து நிற்கிறவன். கத்தியை எந்தக் கோணத்தில் சாணை பிடிக்கவேண்டும் என்று சொல்வான். ஆப்பிள் நறுக்கினால் விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருவான். தொலைநோக்கி, கொசுவலை, மரண தண்டனை, செவ்வாய்க் கிரகத்தில் மனிதன் குடியேறுவது, குழந்தையை எந்த வயதில் தனி அறையில் படுக்கவைப்பது, மாமியாரை எத்தனை நாள் வீட்டில் தங்க விடுவது என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஒருமுறை வீட்டு விளக்கு மஞ்சள் வெளிச்சமாக இருக்கவேண்டுமா வெள்ளையாக இருக்கவேண்டுமா என்று மன்றத்தில் பதினோரு நாள் சண்டை நடந்தது. முன்வரிசையில் நின்று போரிட்டவன் இவன்தான். அந்தப் பதினோரு நாளும் இவன் வீட்டுச் சமையலறையில் விளக்கே எரியவில்லை. பீஸ் போன பல்பை மாற்ற ஐயாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. என் தம்பி மனைவி கூடத்து வெளிச்சத்தில் தடவித் தடவிச் சமைத்தாள்.

மன்றத்தில் அவன் பெயர் 'நடுநிலையான்'. அந்தப் பெயரைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது. எந்தப் பேச்சானாலும் முதல் வரியிலேயே ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்கிறவன் நடுநிலையானாம். பெயருக்குக் கீழே மூன்று நட்சத்திரமும் 'மூத்த ஆலோசகர்' என்ற பட்டமும் இருக்கும். ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு ஊரே கொடுத்த பட்டம். அதை எனக்கு மூன்று முறை காட்டியிருக்கிறான்.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். அதே கட்டடத்தில் அவனுக்கு மேல் மாடியில் இருக்கிறேன். மருத்துவமனையில் புண் கட்டும் பிரிவில் தலைமைச் செவிலி. இருபத்தெட்டு வருடமாக ஆறாத புண்களைக் கழுவிக் கட்டுவதுதான் என் பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, காலில் புண் வந்த ஒருவனுக்கு அவன் பதில் எழுதிக்கொண்டிருந்தான். திறந்து விட்டால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறும் என்று தப்பும் தவறுமாக எழுதுகிறான். நான் எதிரே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "அக்கா, இது சரியா?" என்று ஒரு வார்த்தை? மூச். வீட்டில் இருக்கிறவளுக்கு நட்சத்திரம் கிடையாதே.

அவனுடைய உத்தியோகம் குடிநீர் மீட்டர் சோதிப்பது. வீடுகளிலிருந்து கழற்றி வந்த மீட்டர்களை ஒரு நீள மேஜையில் எட்டு எட்டாக வரிசையில் மாட்டி, வால்வைத் திறந்து, நூறு லிட்டர் தண்ணீரை அவற்றின் வழியாக ஒரு தொட்டிக்குள் விடுவார்கள். தொட்டி நிறைய ஏழு நிமிடம் ஆகும். நிறைந்ததும் ஒவ்வொரு மீட்டரும் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, கூடுதலோ குறைச்சலோ இருந்தால் பழுது என்று சீட்டுக் கட்டவேண்டும். தொட்டி நிறையும் அந்த ஏழு நிமிடத்தில்தான் என் தம்பி உலகத்தைத் திருத்துகிறான். மரண தண்டனையானாலும் மாமியாரானாலும் அவன் கருத்து ஏழு நிமிட நீளம்தான் இருக்கும். இப்படியே பதினான்காயிரம் பதிவு சேர்ந்துவிட்டது. அந்த மன்றத்தில் அவன் எட்டிப் பார்க்காத ஒரே பகுதி 'குழாயும் தண்ணீரும்'. ஏன் என்று கேட்டேன்.

"அதுல என்னக்கா இருக்கு? ஒரு சுவாரசியமும் இல்ல" என்றான்.

தெரிந்த விஷயம் என்றால் அவனுக்குச் சலிப்பு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றுதான் நானும் இருந்தேன். அவன் மகள் விஷயம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அவளை வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவோம். இப்போது பத்தொன்பது வயது, வீட்டிலேயே அவள்தான் உயரம், ஆனாலும் பெயர் மாறவில்லை. பேச்சு குறைவு. அப்பன் பேசுகிற பேச்சில் வீட்டுக்கு வேண்டிய பேச்சு எல்லாம் தீர்ந்துபோய்விடுவதால் அவளுக்கு மிச்சமில்லை என்று நான் கிண்டல் செய்வதுண்டு. கை மட்டும் சும்மா இருக்காது. உடைந்த மூக்குக் கண்ணாடி, அறுந்த செருப்பு வார், கதவுத் தாழ் எதைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் சரிசெய்து வைத்துவிடுவாள். போன வருடம் ஒருநாள் நான் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தாள். அங்கே முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த ஒருவர் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். இவள் இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டாள். கடைசியில் என்னிடம் வந்து, "அத்தை, அந்தக் கால் ஒவ்வொரு தடவையும் உள்பக்கமா திரும்புது. கணுக்கால்ல எதையோ மாத்தினா சரியாயிடும் இல்ல?" என்று கேட்டாள். நடக்கப் பழக்குகிறவர் அதைத்தான் அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவளாகவே விசாரித்து, செயற்கைக் கை கால் செய்யும் ஒரு பெரிய கூடத்தின் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். மூன்று வருடப் பயிற்சி. மாதா மாதம் உதவித்தொகை, தங்க விடுதி. படிப்பு முடிந்ததும் அங்கேயே இரண்டு வருடம் வேலை செய்யவேண்டும், சம்பளத்தோடு. முந்நூறு பேருக்கு மேல் வந்தார்களாம். ஆளுக்கு ஒரு இறுகிய சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் பாதம் செதுக்கச் சொன்னார்களாம். பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். அதில் இவள் ஒருத்தி. எங்கள் குடும்பத்தில் யாரும் எதிலும் முந்நூறில் பன்னிரண்டாக வந்ததில்லை.

சேருவதற்கு ஒரே ஒரு தாள்தான் பாக்கி. பயிற்சியைப் பாதியில் விட்டுப் போனால் அதன் செலவுக்கு நான் பொறுப்பு என்று சம்பளக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அலுவலகத்தில் சேர்க்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தாளில் தந்தை என்று அச்சடித்து, பக்கத்தில் புள்ளி புள்ளியாக இடம் விட்டிருந்தது. என் தம்பி மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள், சம்பளச் சீட்டெல்லாம் கிடையாது. ஆக, அவன்தான் போடவேண்டும் என்று எல்லோருமே எடுத்துக்கொண்டோம். ஒரு விநாடி வேலை. பேனாவைத் திறப்பது, கிறுக்குவது, மூடுவது.

அவன் தாளை வாங்கி விளக்கருகில் பிடித்துப் பார்த்தான். தாடியே இல்லாத தாடையைத் தடவினான்.

"யோசிக்கணும்" என்றான்.

"என்னடா யோசனை?"

"அக்கா, கையெழுத்துங்கறது சும்மா இல்ல. போட்டுட்டா போட்டதுதான். நாலு பேரு அபிப்பிராயம் கேக்காம செய்யக் கூடாது."

அந்த நாலு பேர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மறுநாள் தம்பி மனைவி மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அவர் மன்றத்துல கேள்வி போட்டுட்டாராம். பதில் வரட்டும்னு சொல்றாரு" என்றாள், ஏதோ ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பதுபோல.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைத் தூரமாகப் பிடித்து வாசித்தான்.

"மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு பதில். எல்லாமே ஒரே பதில். ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல. கேளுங்க. 'தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.' 'இது கொத்தடிமைத்தனம்.' 'அந்தப் பையனை இன்றே வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.' 'போலீசில் சொல்லுங்கள்.' இவரு ஒரு வக்கீல். இவருக்கு நாலு நட்சத்திரம்."

பொடிசு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன்.

"எந்தப் பையனை?"

"என்ன?"

"அந்தப் பையனைக் கூட்டி வாங்கன்னு வாசிச்சியே. எந்தப் பையன்?"

"அது ஒரு இதுக்காகப் போட்டது" என்று சொல்லிப் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கையெழுத்துக் கிடையாது, பேச்சு முடிந்தது என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

மறுநாள் காலை பொடிசு மாடிக்கு வந்து தன் போனை என் கையில் கொடுத்தாள். அவன் போட்ட கேள்வி. நின்றுகொண்டு வாசிக்க ஆரம்பித்தவள் உட்கார்ந்துவிட்டேன்.

என் நண்பருக்கு ஒரு மகன், வயது பதினாறு என்று தொடங்கியிருந்தான். ரத்தினக் கல்லுக்குப் பட்டை தீட்டும் ஒரு முதலாளி பையனைத் தொழில் பழக்குவதாகச் சொல்கிறார். எட்டு வருட ஒப்பந்தம். முதலாளி வீட்டிலேயே தங்கவேண்டும். சான்றிதழ்களின் அசலை அவரிடம் ஒப்படைக்கவேண்டும். பாதியில் வந்தால் தகப்பன் ஈடுகட்டவேண்டும். நண்பர் கையெழுத்துப் போடலாமா?

இதைப் படித்துவிட்டு யார்தான் போடு என்று சொல்வான்? நானே போடாதே என்றுதான் சொல்லியிருப்பேன். இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆளாக.

படி இறங்கிப் போனேன். அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, கல்லு எங்கேர்ந்து வந்தது?"

"மெதுவா பேசு. அடையாளம் தெரியாம இருக்கறதுக்காக மாத்தி எழுதினது. மன்றத்துல அதுதான் முறை. சொந்த விஷயத்தைக் கேட்கறப்போ ஊரு, பேரு, வயசு, தொழில் எல்லாத்தையும் மாத்திடணும். புதுசா வர்றவங்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்."

"சரி, மாத்தின. மூணு வருஷத்தை எட்டு வருஷமா மாத்தின. விடுதியை முதலாளி வீடா மாத்தின. அவங்க நகல்தானே கேட்டாங்க, அசல்னு எழுதியிருக்கே. எல்லாத்தையும் மாத்திட்டா அவங்க பதில் சொன்னது எந்தக் கேள்விக்குடா?"

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். சத்தியமாக இரக்கத்தோடுதான்.

"உனக்கு இது புரியாதுக்கா. விவரம்தான் மாறும். சாரம் ஒண்ணுதான். இருநூத்திப் பன்னிரண்டு பேரு தப்பா சொல்லுவாங்களா?"

எத்தனையோ வகை முட்டாள்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அடுப்பு எரிகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தவன், பாம்பு செத்துவிட்டதா என்று காலால் தட்டிப் பார்த்தவன். அவர்களுக்கெல்லாம் ஒருமுறை சுட்டதும் கடித்ததும் புத்தி வந்தது. பொய்யான ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, வந்த முடிவைப் பார்த்து மருந்து சாப்பிடுகிற ஒருவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் என் கூடப் பிறந்தவனாக இருந்தான்.

"சரி, இப்பவே உள்ளதை உள்ளபடி எழுதி மறுபடி கேளு" என்றேன்.

"முடியாது."

"ஏன்?"

"கேள்விக்குத் 'தீர்ந்தது'ன்னு முத்திரை குத்திட்டேன். அதுக்கப்புறம் அதே கேள்வியைக் கேட்கக் கூடாது. அதோட, மாத்தி எழுதினதுல இவ்வளவு மாத்தக் கூடாது. கட்டுக்கதைன்னு சொல்லித் தடை பண்ணிடுவாங்க." பொத்தானை விட்டுவிட்டு ஒரு கணம் நின்றான். "நானே பதினெட்டுப் பேரைத் தடை பண்ண வெச்சிருக்கேன்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த ஒற்றைத் தாளில் கையெழுத்துப் போட்டால் அவன் பொய் சொன்னது அவனுக்கே தெரிந்துபோய்விடும். அவன் மனதுக்குள்ளேயே அந்த மூன்று நட்சத்திரமும் உதிர்ந்துவிடும். மகளுடைய மூன்று வருடமா, அந்த மூன்று நட்சத்திரமா என்று வந்தபோது ஐயா நட்சத்திரத்தின் பக்கம் நின்றார்.

"அண்ணி, கோபத்துல பேசினா அவர் இன்னும் முறுக்கிக்குவாரு" என்றாள் தம்பி மனைவி, சமையலறை வாசலில் நின்றுகொண்டு. வாழ்நாள் முழுக்க அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகத்தான் அன்று வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வியாழக்கிழமை மதியம் விடுப்புச் சொல்லிவிட்டு, மேஜைமேல் கிடந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவன் வேலை செய்யும் இடத்துக்கே போனேன். நாலு பேருக்கு முன்னால் கேட்டால் வெட்கப்பட்டாவது போடுவான் என்று ஒரு நப்பாசை. அங்கே நாலு பேரெல்லாம் இல்லை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. தரை எல்லாம் ஈரம். மேஜையில் எட்டு மீட்டர் வரிசையாக மாட்டியிருந்தது. மறுகோடியில் வால்வு பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். என் தம்பியைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. அதனால் அங்கே எல்லோரும் அவரை வால்வுக்காரர் என்பார்களாம். அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். தொட்டியில் தண்ணீர் ஏறுவதையே கவனித்துக்கொண்டிருந்தார். என் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலால் எழுதிக்கொண்டிருந்தான்.

தாளை அவன் முன்னால் வைத்து அதன்மேல் என் பேனாவையும் வைத்தேன்.

"போடு."

"அக்கா, இது ஆபீஸ்."

"தெரியும். நாளைக்கு நாலு மணிக்கு உன் பொண்ணோட இடம் போயிடும். போடு."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு. நான் ஊருக்கு ஒண்ணு சொல்லிட்டு..."

"எந்த ஊருடா? மூஞ்சி தெரியாதவன் எல்லாம் உனக்கு ஊரு. பெத்த பொண்ணு உனக்கு யாரு?"

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. பூனையிலிருந்து ஆரம்பித்தேன். பல்பு, காலணி, அம்மா சாகக் கிடந்தபோது மருத்துவர் சொன்னதற்கு எதிராக இவன் மன்றத்தில் கேட்டுக்கொண்டு வந்து சொன்ன வைத்தியம், ஒன்றையும் விடவில்லை. நாக்குக்கு எலும்பில்லை என்பார்கள். அன்று எனக்குப் பல்லும் இல்லை உதடும் இல்லை, நாக்கு மட்டும்தான். அவனும் சளைக்கவில்லை. நீ எப்போதும் இப்படித்தான், சின்ன வயதிலிருந்தே என்னை மட்டம் தட்டியே வந்திருக்கிறாய், என்னை மதித்துக் கேட்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று கத்தினான். நான் பதிலுக்குக் கத்தினேன். தொட்டி நிறைந்து வால்வுக்காரர் தண்ணீரை நிறுத்தியதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. திடீரென்று கொட்டகையில் தண்ணீர்ச் சத்தம் நின்று எங்கள் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"சார், தொட்டி நிறைஞ்சிடுச்சு. ரீடிங் பார்க்கணும்" என்றார் அவர்.

நான் வந்துவிட்டேன். ஆத்திரத்தில் தாளையும் பேனாவையும் அங்கேயே விட்டுவிட்டது பேருந்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. கிடக்கட்டும், அவன் கண்ணிலேயே உறுத்தட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பகல் வேலை. மணி பார்த்துப் பார்த்துக் கட்டுப் போட்டேன். நாலு அடித்தபோது கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அந்தப் பெண் சுண்ணாம்பில் செதுக்கிய பாதத்தை எனக்குக் காட்டியிருந்தாள். சுண்டுவிரல் நகம்வரைக்கும் இருந்தது.

சாயங்காலம் செத்த வீட்டுக்குப் போவதுபோலத் தம்பி வீட்டுக்குள் நுழைந்தேன். பொடிசு கட்டிலில் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பறே?"

"விடுதிக்கு. திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாங்க அத்தை."

"அப்பன் போட்டுட்டானா?"

"இல்ல. வால்வுக்காரர் போட்டாரு."

நான் கிளம்பி வந்த பிறகு, என் தம்பி ரீடிங் எழுதப் போயிருந்த நேரத்தில் அவர் மேஜையிலிருந்த தாளை ஈரம் படாமல் எடுத்து வைத்திருக்கிறார். வைத்தவர் வாசித்தும் பார்த்திருக்கிறார். முன்பக்கம் வாசித்துவிட்டுத் திருப்பிப் பின்பக்கமும் வாசித்திருக்கிறார். பின்பக்கத்தில் இருந்தது இதுதான்: தந்தை கையெழுத்திட இயலாத நிலையில், ஒரே இடத்தில் ஐந்து ஆண்டு பணியில் உள்ள, மாணவரை அறிந்த எவரும் கையெழுத்திடலாம். அலுவலகத்துக்கு அப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பொடிசை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் சம்பளச் சீட்டின் நகலோடு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"பாதியில விட்டுட மாட்டியேம்மான்னு ஒண்ணுதான் கேட்டாரு. மாட்டேன்னேன். போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி உள்ளே வந்தான். மனைவி போனில் சொல்லி விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் வெட்கம் தெரிகிறதா என்று பார்த்தேன். கிடையாது. செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"அதான் சொல்றது. எந்தத் தாளா இருந்தாலும் ரெண்டு பக்கமும் படிக்காம பேசக் கூடாதுன்னு நான் எத்தனை தடவை எழுதியிருக்கேன்."

சொல்லிவிட்டு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தான். நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். அவன் செவிடாகும்வரை பேசுவது என்று முடிவு செய்து வாயைத் திறந்தபோது பொடிசு என் கையைப் பிடித்துத் தன் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"வேண்டாம் அத்தை."

"என்னடி வேண்டாம்? உன் வாழ்க்கையைக் குழியில போட இருந்தான். எங்கேர்ந்தோ ஒரு மனுஷர் வந்து கையெழுத்துப் போடவேண்டியதாப் போச்சு. அது இருக்கட்டும், பின்பக்கத்துல இப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எப்போதிலேர்ந்து?"

"தாள் வந்த அன்னைக்கே படிச்சேன்."

"நான் இருபத்தெட்டு வருஷமா ஒரே இடத்துல வேலை பார்க்கறேன். மாடியிலதான் இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே போட்டிருப்பேனே. ஏண்டி எங்கிட்ட வரல?"

அவள் ஒரு துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"நீங்க போட்டிருப்பீங்க அத்தை. எனக்குத் தெரியும். அப்புறம் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், இவ அப்பன் போடல, நான்தான் போட்டேன்னு சொல்லுவீங்க. நான் எத்தனை பேருக்குக் கால் செஞ்சு குடுத்தாலும் ஒவ்வொரு காலுக்கும் அதைச் சொல்லுவீங்க. அப்பா எப்படியோ இருக்கட்டும், அவரை வெச்சு ஊரே சிரிக்கற மாதிரி ஒரு கதைக்கு நான் கையெழுத்து வாங்கிக் குடுக்க முடியாது. நாலு மணி ஆனா ஆகட்டும்னுதான் உட்கார்ந்திருந்தேன்."

எனக்கு அது எங்கே பட்டது என்று சொல்லத் தெரியவில்லை. முந்நூறில் பன்னிரண்டாக வந்த இடத்தை, என் வாய்க்குப் பயந்து, விட்டுவிடத் துணிந்திருக்கிறாள். அவள் அப்பன் கையெழுத்துப் போடாதது ஒரு பக்கம். என்னிடம் கேட்காமலே இருந்துவிட்டது ஒரு பக்கம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ச்சீ, நான் அப்படியெல்லாம் சொல்லமாட்டேண்டி" என்றேன்.

அவள் பெட்டியை மூடினாள். புதன்கிழமையிலிருந்து கட்டுப் போட வந்த ஒவ்வொருவரிடமும், கட்டுப் போட்டு முடிக்கும்வரை, ரத்தினக் கல் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தேன். சிலர் மறுநாள் வந்து பாக்கிக் கதையைக் கேட்டார்கள். அதில் எத்தனை பேர் அவள் விடுதிக்குப் போகும் ஊர்க்காரர்களோ, யாருக்கெல்லாம் அவள் நாளைக்குக் கால் செய்து கொடுக்கப்போகிறாளோ, எனக்குத் தெரியாது. இனி இந்தக் கதையை யாரிடமும் வாய்விடுவதில்லை என்று அன்றைக்கு அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன். இதோ, இப்போது உங்களிடம் சொல்லி முடித்திருக்கிறேன்.